அணியறைக் கூலி

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் திருவிழா இரவுகளில் கதகளி நடக்கும். தமிழகத்தின் பிற பகுதிகளில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் சற்று வியப்புடன் பார்ப்பார்கள். எங்களுக்கு இதில் வியப்பேதும் இல்லை. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்தது. மாவட்டம் முழுவதையும் நாஞ்சில்நாடு என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டாலும், தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் பழைய நாஞ்சில்நாடு. கோதையாறும் பறளியாறும் வளைந்து வரும் திருவட்டாறு வேணாட்டு மண். ஐப்பசியிலும் பங்குனியிலும் கொடியேறினால் இங்கே கேளி கொட்டுவதும் திரை பிடிப்பதும் இயல்பான காரியங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனித் திருவிழாவில், ஆட்டம் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே நான் கோயிலுக்குப் போய்விட்டேன். என்னுடன் தூரத்து உறவில் மருமகள் முறையாகும் ஒரு பெண்ணும் வந்திருந்தாள். அவளுக்கு ஆட்டத்தில் அவ்வளவு ஆர்வம் இல்லை. அவள் பார்க்க விரும்பியது அணியறையை. கதகளியில் ஒப்பனை நடக்கும் இடத்துக்கு அதுதான் பெயர். அனுமதி கேட்டு வாசலோரம் நின்றுகொண்டோம்.

விளக்கின் முன் ஒரு நடிகர் கையில் சிறு கண்ணாடியுடன் உட்கார்ந்து தன் முகத்தில் தானே கோடுகளை வரைந்துகொண்டிருந்தார். முதல் கட்டம் இப்படித்தான். தன் முகத்தின் எல்லைகளை நடிகரே தீர்மானிக்கிறார். அது முடிந்ததும் பாயில் மல்லாந்து படுத்துவிடுவார். அவருடைய தலைமாட்டில் இன்னொருவர் வந்து அமர்வார். அவர் சுட்டிக்காரர். அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்த பசையைத் தாடையோரமாக அடுக்கடுக்காக இட்டு, அதிலே வெள்ளைக் காகிதத்தை வளைவாக வெட்டிப் பொருத்துவார். பச்சை வேஷத்துக்கு முகத்தைச் சுற்றி நிற்கும் அந்த வெள்ளை வரம்புதான் சுட்டி. கத்தி வேஷம் என்றால் மூக்கின் நுனியிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டைகள் வேறு. பெரிய வேஷங்களுக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். படுத்திருப்பவர் பெரும்பாலும் தூங்கிப்போவார். தலைமாட்டில் இருப்பவர் தூங்க முடியாது.

அந்தப் பெண் அன்று இமைக்காமல் பார்த்தது அந்தத் தலைமாட்டுக்காரரைத்தான். திரும்பி வரும்போது அவள் கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

"மாமா, அவருக்குச் சம்பளம் உண்டா?"

"உண்டு மக்களே. ஆடுபவருக்கும் பாடுபவருக்கும் உள்ளதுபோல அவருக்கும் உண்டு."

"அப்போ நான் கேட்டா மட்டும் ஏன் எல்லாரும் ஒரு மாதிரி பாக்காங்க?"

அவளுடைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கும்போது ஒரு கலைவிழாவில் ஜப்பானிய கார்ட்டூன் தொடர் ஒன்றின் போர்வீராங்கனையாக வேடமிட்டாள். கவசம், வாள், தோளில் ஒரு சிறகு, எல்லாமே அவள் கையால் செய்தவை. ஃபோம் ஷீட்டை வெட்டி, சூடு காட்டி வளைத்து, ஒட்டி, சாயம் அடித்தது. உலகெங்கும் இளைஞர்கள் 'காஸ்ப்ளே' என்று சொல்லும் பொழுதுபோக்கு அது. படிப்பு முடிந்து ஒரு தனியார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் இரவுகளில் செய்துகொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பள்ளி மாறுவேடப் போட்டி வந்தது. பாரதியாருக்கு முண்டாசும் மீசையும் எங்கும் கிடைக்கும். மயிலுக்குத் தோகை எங்கே கிடைக்கும்? இவள் செய்து கொடுத்தாள். அடுத்த ஆண்டு ஐந்து குழந்தைகள் வந்தார்கள். அதற்கடுத்து ஓர் அமைப்பு தன் ஆண்டுவிழா நாடகத்துக்கு எட்டுக் கிரீடங்களும் நான்கு ஜோடிச் சிறகுகளும் வேண்டுமென்று கேட்டது. ஒரு மாத இரவுகள் அதில் போயின. விழாவன்று மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பொருள் வாங்கிய செலவில் பாதிதான் கைக்கு வந்தது. மீதியைக் கேட்டபோது, "நீ ஆசைக்குச் செய்ததுதானே?" என்றார்கள்.

அந்த அமைப்பைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அவர்கள் நல்லவர்கள்தான். நாற்காலி வாடகைக்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் சாப்பாட்டுக்காரருக்கும் பைசா பாக்கியில்லாமல் கொடுத்திருப்பார்கள். கிரீடம் செய்தவளுக்குக் கொடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஏன் தோன்றவில்லை என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

*

தமிழில் கலைக்குக் கூலி வாங்குவது பற்றிய நம் கூச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கூத்தாடி என்ற சொல் நம் மொழியில் எப்படி வசைச்சொல்லாக ஆயிற்று என்று எண்ணிப் பாருங்கள். வயிற்றுக்காக ஆடுகிறவன் தாழ்ந்தவன். ஆசைக்காக ஆடுகிறவன் ரசிகன், பெரிய மனிதன். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் மேடையேறத் தொடங்கினார்கள். படித்தவர்களும் நடிக்கலாம் என்ற நிலையை அந்தச் சபை உருவாக்கியது. அது பெரிய சாதனை. ஆனால் அந்த மதிப்புக்கு ஓர் ஆதாரம் இருந்தது: அவர்களுக்கு நடிப்பு வயிற்றுப்பிழைப்பு இல்லை. பணம் வாங்காததுதான் கௌரவத்தின் சான்றிதழ் ஆயிற்று.

மறுபக்கத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பாடம் சொல்லி வளர்த்த சிறுவர் நாடகக் குழுக்கள். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். நாகர்கோவிலோடு சேர்த்தே நாம் நினைவுகூரும் டி.கே.எஸ். சகோதரர்கள் 1918இல் சுவாமிகளின் குழுவில் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். 1925இல் சொந்தக் குழு கண்டார்கள். பின்னாளில் அவர்களுள் ஒருவரான தி.க. சண்முகம் ஔவையார் வேடம் தரித்து, அந்த வேடமே பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு 'ஔவை' சண்முகம் ஆனார். வேடம் ஒரு மனிதனின் பெயரையே மாற்றிவிட்ட கதை இது. கூலிக்கு ஆடிய அந்த மரபிலிருந்துதான் தமிழ்த் திரையின் முதல் தலைமுறை நடிகர்களில் பலர் வந்தார்கள். ஆனாலும் நம் மனத்தின் அடியில் பம்மலின் சபைதான் உட்கார்ந்திருக்கிறது. நல்ல குடும்பத்துப் பெண் கிரீடம் செய்தால் அது கைத்திறன். அதற்கு விலை சொன்னால் ஏதோ குறைந்துவிட்டது.

வேடம் செய்கிறவர்களின் நிலை நடிகர்களின் நிலையைவிடவும் மோசம். நடிகர் பெயராவது சுவரொட்டியில் வரும். அந்த உடையைத் தைத்தவர், கிரீடம் அடித்தவர், சாயம் கலக்கியவர் யார் என்று எந்தப் பழைய நாடக ரசிகராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

இங்கேதான் கதகளி நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. கதகளி நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வேஷம் இன்னார், பாட்டு இன்னார், செண்டை இன்னார், மத்தளம் இன்னார். அதற்குக் கீழே சுட்டி இன்னார், அணியறை இன்னார் என்று அச்சிட்டிருக்கும். ஒப்பனை அங்கே நடிகனின் ஒரு பகுதி இல்லை, தனி வித்தை. 1930இல் வள்ளத்தோளும் மணக்குளம் முகுந்தராஜாவும் கலாமண்டலத்தை நிறுவினார்கள். அதற்குப் பணம் திரட்ட லாட்டரிச் சீட்டு நடத்தினார்கள் என்பதை நம்மூர்க் கலைத் தூய்மைவாதிகள் குறித்துக்கொள்ளலாம். அங்கே ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் செண்டைக்கும் பாடத்திட்டம் இருப்பதைப் போலவே சுட்டிக்கும் உண்டு. ஒருவன் ஆட்டமே கற்காமல் சுட்டிக்காரனாக மட்டும் பயின்று பட்டயம் பெற்று வெளியே வரலாம்.

கிரீடத்துக்கும் அணிகளுக்கும் கோப்பு என்று பெயர். குமிழ மரத்தைக் குடைந்து செதுக்கி, தங்க நிறத் தகடும் கண்ணாடிச் சில்லும் ஒட்டி, வண்ணம் ஏற்றிச் செய்வது. பாலக்காடு மாவட்டத்தின் வெள்ளிநேழி கிராமம் கோப்புப் பணிக்குப் பெயர்பெற்றது. ஒரு முழுக் கோப்பைச் செய்ய நிறைய முதல் போட வேண்டும். எல்லாக் கோயில்களும் எல்லா நடிகர்களும் அதைச் சொந்தமாக வைத்திருக்க முடியாது. ஆகவே கோப்பு வைத்திருப்பவர்கள் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாடகை பேசிப் பெட்டியோடு வருகிறார்கள். பெட்டியைத் தூக்கி வருகிறவர்கள், இடுப்பைச் சுற்றிக் கெட்டித் துணிகளை அடுக்கடுக்காக வரிந்து கட்டி அந்தப் பெரும் பாவாடையை நிறுத்துகிறவர்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு.

இதையெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. கதகளியின் பழைய புரவலர்கள் அரசர்களும் ஜன்மிகளும். கார்த்திகைத் திருநாள் மகாராஜா தாமே ஆட்டக்கதைகள் எழுதியவர். அப்படிப்பட்ட புரவலர் வாய்த்தால் கலைஞன் பிழைத்தான். அடுத்த வாரிசுக்கு ரசனை இல்லையென்றால் பட்டினி. சாதிப் படிநிலை அணியறைக்கு உள்ளேயும் இருந்தது. இன்றும் மேடையில் ஆடுகிறவரின் சன்மானமும் பெட்டி தூக்குகிறவரின் சன்மானமும் ஒன்றல்ல. ஆனால் ஒரு விஷயத்தில் அந்த மரபு தெளிவாக இருந்தது. 'நீ ஆசைக்குச் செய்ததுதானே' என்று சுட்டிக்காரரிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்கு ஆசை இல்லாமலா இருந்திருக்கும்?

*

ஒரு நண்பர் இதைக் கேட்டுவிட்டு ஆட்சேபித்தார். கோயிற்கலை என்பது அர்ப்பணம். அதைச் சந்தையோடு ஒப்பிடலாமா என்றார். அவருக்கு நான் சொன்ன பதில் குலசேகரப்பட்டினம்.

தூத்துக்குடி மாவட்டத்துக் குலசை முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் போயிருப்பவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். காளி, குறத்தி, ராஜா, ராணி, குரங்கு, கரடி, போலீஸ்காரர், பிச்சைக்காரர் என்று ஆயிரக்கணக்கானோர் வேடமிட்டுத் தெருத்தெருவாகக் காணிக்கை எடுப்பார்கள். நேர்ந்துகொண்டு, நாள்கணக்கில் விரதமிருந்து கட்டும் வேடம். எடுத்த காணிக்கையில் கைவைக்காமல் அம்மன் உண்டியலில் சேர்த்துவிடுவார்கள். வேடமிடுகிறவர் எவரும் தொழில்முறைக் கலைஞர் அல்லர். மற்ற நாட்களில் கடையிலோ வயலிலோ அலுவலகத்திலோ இருப்பவர்கள். இதைவிடத் தூய அர்ப்பணம் என்று எதைச் சொல்வது?

ஆனால் அந்தக் காளிக்குச் சடைமுடியும் கிரீடமும் கூடுதல் கைகளும் எங்கிருந்து வந்தன? கடையிலிருந்து. தசரா நெருங்கும்போது வேடப் பொருட்களுக்கென்றே கடைகள் போடப்படுகின்றன. செய்கிறவர் விலை சொல்கிறார். நேர்ந்துகொண்டவர் பேரம் பேசி, விலை கொடுத்து வாங்குகிறார். இதில் யாருக்கும் பக்தி குறைந்ததாகத் தெரியவில்லை. அர்ப்பணம் செய்கிறவர் தன்னுடையதைத்தான் அர்ப்பணம் செய்ய முடியும். இன்னொருவரின் உழைப்பை வாங்கிக்கொண்டு அதையும் தன் அர்ப்பணக் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. அந்த அமைப்பின் ஆண்டுவிழாவில் நடந்தது இதுதான். அவர்கள் தங்கள் விழாவுக்குத் தொண்டு செய்தார்கள். அவளுடைய இரவுகளையும் சேர்த்துத் தொண்டாகக் கொடுத்துவிட்டார்கள், அவளைக் கேட்காமல்.

*

இனி அந்தப் பெண்ணின் பக்கத்துக்கு வருகிறேன். ஊரை மட்டும் குறை சொல்லி முடித்துவிட்டால் அது அவளுக்குச் செய்யும் உதவியாகாது. பொழுதுபோக்கு தொழிலாவதற்குச் செய்கிறவரிடமும் சில மாற்றங்கள் நடந்தாக வேண்டும்.

முதலாவது, முகம் மாறவேண்டும். தனக்காக வேடம் செய்துகொள்கிறவர் தன் உடலை அறிவார். எங்கே இறுக்கும், எங்கே கிழியும், எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பது தெரியும். ஒட்டியது விட்டுப்போனால் ஒரு கையால் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்கலாம். இன்னொருவருக்குச் செய்யும்போது இந்தச் சலுகை எதுவும் இல்லை. ஏழு வயதுப் பிள்ளை அந்த மயில்தோகையோடு உட்கார வேண்டும், ஓட வேண்டும், நடுவில் ஒன்றுக்குப் போக வேண்டும். அந்தச் சுட்டிக்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் ஒட்டும் காகிதம் இரவு முழுவதும் வியர்வையில் நனையும் ஒரு முகத்தில், புருவமும் கன்னமும் ஓயாமல் துடிக்கும் ஒரு முகத்தில், விடியும்வரை நிற்க வேண்டும். அவருக்குக் கூலி கொடுப்பது அந்த உறுதிக்காக. தன் முகத்திலிருந்து பிறர் முகத்துக்கு நகர்வதுதான் பொழுதுபோக்குக்கும் தொழிலுக்கும் இடையே இருக்கும் படி என்று நான் நினைக்கிறேன். அந்தப் படியைத் தாண்டாதவர் விலை கேட்பது நியாயமாகாது. தாண்டியவர் கேட்காமலிருப்பதும் நியாயமாகாது.

இரண்டாவது, கணக்கு. அவளிடம் ஒரு கிரீடத்துக்கு என்ன செலவு என்று கேட்டேன். ஃபோம், பசை, சாயம் என்று பொருட்களை மட்டும் சொன்னாள். எத்தனை மணி நேரம் என்றேன். எண்ணிப் பார்த்ததில்லை என்றாள். அடுத்த கிரீடத்துக்கு எண்ணிப் பார்க்கச் சொன்னேன். பதினான்கு மணி நேரம் ஆயிற்று. வெட்டுக்கத்தியின் முனைகள், சூடுகாற்றுக் கருவி, சரியாக வராமல் தூக்கிப்போட்ட முதல் கிரீடம், பொருள் வாங்க நாகர்கோவிலுக்குப் போய்வந்த பேருந்துக் கட்டணம் எல்லாம் செலவுதான். பொருளின் விலையை மட்டும் சொல்கிறவர், தன் நேரத்துக்கு மதிப்பில்லை என்று தானே சொல்கிறார். பிறகு ஊர் அதை நம்பிவிட்டது என்று வருந்திப் பயனில்லை.

அவளுக்குக் கோப்புக்காரர்களின் வழியைச் சொன்னேன். பதினான்கு மணி நேரத்தின் விலையை ஒரு குழந்தையின் அப்பா ஒரே நாளுக்காகக் கொடுக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்தக் கிரீடம் பத்து மேடை ஏறும். விற்காமல் வாடகைக்கு விடலாம். முன்பணம் வாங்கலாம். திரும்பி வரும்போது உடைந்திருந்தால் கழித்துக்கொள்ளலாம். நாடக உடை வாடகைக் கடைகள் நம் ஊர்களில் எப்போதோ இருந்தவைதான், புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. பள்ளி ஆண்டுவிழா, கிறிஸ்துமஸ், தசரா என்று குமரி மாவட்டத்தில் வேடத்துக்குப் பருவங்களும் உண்டு. பருவம் என்றால் இடையில் வறட்சியும் உண்டு. ஆகவே வேலையை உடனே விட்டுவிடாதே என்றும் சொன்னேன். இதைச் சொல்லும்போது பம்மலின் சபை என் வாய்வழியாகப் பேசுகிறதோ என்று எனக்கே ஐயம் வந்தது. ஆனாலும் சொன்னேன்.

மூன்றாவது, உருவங்கள் யாருடையவை என்ற கேள்வி. ஜப்பானிய, அமெரிக்கப் பாத்திரங்கள் நிறுவனங்களின் சொத்து. ஆசைக்குச் செய்து அணிந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. அதையே செய்து விற்கும்போது உரிமைச் சிக்கல்கள் வரக்கூடும். நம்மிடமோ உரிமையாளர் இல்லாத உருவங்கள் கொட்டிக்கிடக்கின்றன. கதகளியின் தாடி வேஷங்களைப் பார்த்துவிட்டு ஓர் அசுரனின் தலையைப் புதிதாகக் கற்பனை செய்யலாம். கள்ளியங்காட்டு நீலிக்கு இன்றைய ஒரு பெண் என்ன உடை கொடுப்பாள்? ஆதிகேசவனின் காலடியில் கிடப்பதாகக் கதை சொல்லும் கேசி எப்படி இருப்பான்? வழிபாட்டில் உள்ள உருவங்களைத் தொடும்போது கவனம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் பிறர் வரைந்ததைப் பார்த்துச் செய்வதிலிருந்து தானே உருவைக் காண்பதற்கு நகர்ந்தால்தான் அது படைப்புத் தொழில். அதுவரை அது நல்ல கைவேலை.

இந்த வழியில் வெகுதூரம் போனவர்கள் இல்லாமலில்லை. கோலாப்பூரில் பிறந்த பானு அதையா ஓவியம் படித்தவர். பெண்கள் பத்திரிகைகளுக்கு உடைப் படங்கள் வரைந்துகொண்டிருந்தார். வரைந்ததைத் தைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. அதிலிருந்து சினிமா. 'காந்தி' படத்தின் உடையமைப்புக்காக 1983இல் ஆஸ்கர் விருதை ஜான் மோலோவுடன் பகிர்ந்துகொண்டார். ஆஸ்கர் வென்ற முதல் இந்தியர் ஒரு நடிகரோ இயக்குநரோ அல்லர், உடை செய்தவர் என்பதை நாம் எவ்வளவு எளிதாக மறந்துவிட்டோம்! அந்த விருதை 2012இல் பாதுகாப்புக்காக அகாதெமியிடமே அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். 2020இல் மறைந்தார். 2024இல் சென்னையில் காமிக் கான் நடந்தபோது வேடமிட்டு வந்த இளைஞர் கூட்டத்தைப் படங்களில் பார்த்தேன். அவர்களில் எத்தனை பேர் பானு அதையாவின் பெயரைக் கேட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை.

*

கடைசியாக, எனக்கே முழுத் தெளிவில்லாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆசை தொழிலானால் ஆசைக்கு என்ன ஆகும்?

கதகளியின் முகவண்ணங்களில் மஞ்சளுக்கு மனயோலை. நாம் அரிதாரம் என்று சொல்லும் கனிமம் அதுதான். அது ஆர்சனிக் சேர்ந்தது. சிவப்புக்குச் சாயில்யம், நம் சித்தமருத்துவரின் சாதிலிங்கம். அது பாதரசம் சேர்ந்தது. கண்கள் சிவக்கச் சுண்டைச் செடி வகையொன்றின் சிறு மொட்டுப் பகுதியை உருட்டி இமைக்குள் இடுவார்கள். அரிதாரம் பூசுதல் என்று நாம் இலேசாகச் சொல்லிவிடும் சொல்லுக்குப் பின்னால் நஞ்சு இருக்கிறது. ஃபோமைத் தேய்க்கும்போது பறக்கும் தூளும் பசையின் நெடியும் அந்தப் பெண்ணின் சிறிய அறையில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். முகமூடி போட்டுக்கொள், சன்னலைத் திற என்று அவளைப் பலமுறை கடிந்திருக்கிறேன். ஆசைக்காக மாதம் ஒருநாள் செய்தால் இது பெரிதில்லை. தொழிலாகி நாள்தோறும் செய்தால் உடம்பு கணக்குக் கேட்கும். மனமும் கேட்கும். பதினைந்தாவது மயில்தோகையைச் செய்யும்போது முதல் தோகையில் இருந்த துள்ளல் இருக்காது. பிடிக்காத நிறத்தில் பிடிக்காத வேடம் கேட்பார்கள். நாளை காலைக்குள் வேண்டும் என்பார்கள்.

ஆகவே எல்லாரும் தங்கள் ஆசையைத் தொழிலாக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. பொழுதுபோக்கு பொழுதுபோக்காகவே இருப்பதற்கும் ஒரு மரியாதை உண்டு. இந்தக் காலத்தில் எதைக் கண்டாலும் 'இதில் எவ்வளவு வரும்' என்று கேட்கும் நோய் ஒன்று பரவியிருக்கிறது. அதற்கு நான் மருந்து தேடுகிறவனே அன்றி ஏஜென்ட் அல்ல. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பணம் வாங்காமல் செய்வது என்பது செய்கிறவர் எடுக்க வேண்டிய முடிவு. அதைப் பெறுகிறவர் எடுக்கக்கூடாது. தன் அக்காள் மகளுக்குச் சும்மா செய்து கொடுப்பதும், ஓர் அமைப்பிடம் விலை சொல்வதும் ஒரே பெண் ஒரே வாரத்தில் செய்யக்கூடியவை. இரண்டிலும் அவள் ஆசை குறையவில்லை.

அன்று விடியற்காலையில் ஆட்டம் முடிந்தது. நடிகர் அணியறைக்குத் திரும்பி வந்து கிரீடத்தைக் கழற்றினார். பிறகு சுட்டியைப் பிய்த்து எடுத்தார்கள். நான்கு மணி நேர வேலை ஒரு நொடியில் சுருண்ட காகிதமாகத் தரையில் கிடந்தது. அடுத்த இரவு புதிதாகச் செய்ய வேண்டும். சுட்டிக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் சிறு கத்திரிகளைத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்தார், கொடுத்த உறையை வாங்கி எண்ணிப் பார்த்தார், சட்டைப்பையில் வைத்தார். எண்ணிப் பார்த்ததில் ஒரு கூச்சமும் இல்லை. பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு முதல் பேருந்துக்கு நடந்தார்.

அடுத்த ஆண்டுவிழாக் காலத்தில் அவளைத் தேடி வந்தவர்களிடம் அவள் ஒரு தாளை நீட்டினாள். கிரீடத்துக்கு இவ்வளவு, சிறகுக்கு இவ்வளவு, வாடகை ஒரு நாளுக்கு, முன்பணம் பாதி. அவர்கள் யோசித்துச் சொல்வதாகப் போனார்கள், திரும்பவில்லை. "தப்பு பண்ணிட்டேனா மாமா?" என்று தொலைபேசியில் கேட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து வேறொரு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். தாளைப் படித்தார், சிறகில் மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். இவள் குறைக்கவில்லை. ஆசிரியை முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பணத்தை அவள் எண்ணிப் பார்த்தாளா என்று நான் கேட்கவில்லை. பார்த்திருப்பாள் என்று நம்புகிறேன்.